"நல்ல ஸ்கூலா?" என்று மட்டும் கேட்காதீர்கள்: நியூயார்க் தேர்வுப் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் விசாரிப்பது எப்படி

ஃப்ளஷிங் பவுன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயில் கான்டீன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இருபது நிமிட இடைவெளியில், ஒரே பள்ளியைப் பற்றி இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். முதலில் ஒரு அம்மா. "அக்கா, அங்க மட்டும் அனுப்பிடாதீங்க. என் பொண்ணு சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து போன நாற்காலியில் தோசைத் தட்டோடு வந்து உட்கார்ந்த பெரியவர், நான் கேட்காமலேயே, "இதுக்கு மேல ஒரு ஸ்கூல் இந்த ஊர்ல கிடையாதும்மா. யோசிக்காம சேருங்க" என்றார்.

அப்போது என் மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதில் யாரை நம்புவது என்று குழம்பிக்கொண்டே வந்தேன். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது பிறகு நிதானமாக விசாரித்தபோது புரிந்தது. அந்த அம்மாவின் பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது, முதல் மதிப்பெண் பட்டியல் அந்த வாரம்தான் வந்திருந்தது. பெரியவரின் மகன் படித்து முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் பேசியது பள்ளியைப் பற்றி இல்லை, மகன் பிறகு சேர்ந்த கல்லூரியைப் பற்றி.

இன்று என் மகன் பதினோராம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. இப்போது கான்டீனில் "அக்கா, உங்க பையன் ஸ்கூல் எப்படி?" என்று என்னைக் கேட்கிறார்கள். அவன் எந்தப் பள்ளி என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அவனுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிறர் கருத்தை எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எடைபோடுவது என்று இந்த நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. நியூயார்க் நகரத்தில் ஸ்பெஷலைஸ்டு ஹைஸ்கூல் என்று 9 அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. லகார்டியா கலைப் பள்ளிக்கு ஆடிஷன். மற்ற எட்டுக்கும் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற ஒரே ஒரு தேர்வு. ஸ்டைவெசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றுக்கும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தர வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். வகுப்பு மார்க், ஆசிரியர் பரிந்துரை எதுவும் கணக்கில் வராது. வருடத்துக்கு ஏறக்குறைய 25,000 பிள்ளைகள் எழுதுகிறார்கள், சுமார் 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. 2025 முதல் தேர்வைக் கணினியில் எழுதுகிறார்கள்.

எந்தெந்தப் பள்ளி வேண்டும் என்று பிள்ளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். எடுத்த மதிப்பெண்ணுக்கு அந்த வரிசையில் எது முதலில் ஒத்துவருகிறதோ, அந்த இடம்தான் வரும். பிறர் கருத்து உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இந்த வரிசைதான். நம்மில் பலர் கட்ஆஃப் எது உயரமோ அதை முதலில் எழுதுகிறோம். கட்ஆஃப் என்பது அந்த வருடம் எத்தனை பேர் அந்தப் பள்ளியைக் கேட்டார்கள், எப்படி எழுதினார்கள் என்பதன் கணக்கு. உங்கள் பிள்ளை அங்கே சாப்பிடுமா, தூங்குமா, யாரிடமாவது மனம் விட்டுப் பேசுமா என்பதெல்லாம் அதில் கிடையாது.

இன்னொன்று. "ஸ்பெஷலைஸ்டு ஸ்கூல் எல்லாம் ஒரே மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். புரூக்ளின் டெக்கில் ஏறக்குறைய 6,000 பிள்ளைகள். நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற இடத்தில், யார்க் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் குவீன்ஸ் சயின்ஸ் பள்ளியில் சில நூறு பேர்தான். ஸ்டைவெசன்ட் ஹட்சன் ஆற்றங்கரையில் பத்து மாடி. ஒன்றில் யாரும் கவனிக்காமல் நாலு வருடம் கடந்துவிடலாம், இன்னொன்றில் ஒரு நாள் முகம் வாடினால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். எது நல்லது என்பது பிள்ளையைப் பொறுத்தது. கூட்டத்தில் தொலைந்துபோவதே சில பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி.

சொல்பவர் யார், எப்போது சொல்கிறார்

யார் கருத்துச் சொன்னாலும் நான் மூன்று விவரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பிள்ளை எந்த வகுப்பு? வீடு எங்கே? இப்போது எந்த மாதம்?

வகுப்பு மிக முக்கியம். இந்தப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளை ஒவ்வொன்றும் தன் பழைய பள்ளியில் முதலோ இரண்டாவதோ வந்த பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு அக்டோபரில் முதல் முறையாகத் தன்னைப் போலவே இருக்கும் முப்பது பேர் நடுவில் உட்காருகிறது. நவம்பரில் அது சொல்லும் கருத்தில் பாதி, பள்ளியைப் பற்றியதல்ல, அந்த அடியைப் பற்றியது. பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாதியில் கேட்டால் களைப்புதான் பேசும். பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் கேட்டால், கல்லூரி கிடைத்த சந்தோஷத்தில் எல்லாமே அழகாக இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள் என்பேன். ஆரம்ப அதிர்ச்சி அடங்கியிருக்கும், கல்லூரிக் கவலை இன்னும் பிடித்திருக்காது.

வீடு ஏன் என்றால், மான்ஹாட்டனில் இருந்து இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் பிள்ளையின் பள்ளியும், நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஃப்ளோரல் பார்க்கில் பேருந்து பிடித்து, பிறகு ரயில் மாறிப் போகும் பிள்ளையின் பள்ளியும் ஒன்றல்ல, பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும். பள்ளி முடிந்து ரோபாட்டிக்ஸ், விவாதக் குழு என்று நின்றுவிட்டு வந்தால் வீட்டுக்கு ஏழரை. "கிளப் எல்லாம் பிரமாதம்" என்று ஒரு அம்மா சொன்னால் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள் என்று கேளுங்கள்.

பெற்றோர் குழுவில் வருவதை எப்படிப் படிப்பது

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். மகன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் அந்த வகுப்புப் பெற்றோர் குழு ஒன்றில் சேர்ந்தேன். கணக்கு ஆசிரியர் ஒருவரைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் பேச்சு. சொல்லிக்கொடுக்கவே தெரியவில்லை, பிள்ளைகளை அவமானப்படுத்துகிறார், போன வருடமும் இதே கதைதான் என்று நாற்பது, ஐம்பது செய்திகள். மகனுக்கு முதல் பட்டியலில் 71. எனக்குள் ஏதோ அறுந்தது. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அவனை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனுக்கு அது தெரிந்தது. கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, லஞ்ச் டைம்ல அவர்கிட்டதான் போய் உக்காந்து டவுட் கேக்கறேன். அந்த ஸ்கூல்ல என் பேரு தெரிஞ்ச ஒரே டீச்சர் அவர்தான்" என்றான். அந்தக் குழுவில் ஐம்பது செய்திகளையும் போட்டவர்கள் மொத்தம் நாலு பேர் என்பதை அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் அதில் வாய் திறக்கவே இல்லை.

ஆகவே செய்திகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். பெற்றோர் சொல்வதில் அவர்கள் நேரில் பார்த்தது எது, பிள்ளை சொல்லிக் கேட்டது எது, வேறொரு பெற்றோர் சொல்லிக் கேட்டது எது என்று பிரியுங்கள். பெற்றோருக்குப் பதில் சொல்வதற்கென்றே பள்ளியில் இருக்கும் பேரன்ட் கோஆர்டினேட்டர் பதில் போட எத்தனை நாள் ஆனது, மாணவர் ஆலோசகரான கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசினாரா, உடம்பு சரியில்லாமல் போனபோது நர்ஸ் அறையில் இருந்து அழைப்பு வந்ததா என்பதெல்லாம் பெற்றோர் நேரில் அறிந்தது, நம்பலாம். வகுப்பறைக்குள் நடப்பது அப்படியல்ல.

பெற்றோர் பேச்சில் இன்னொரு அடிச்சரடும் உண்டு. 2018இல் மேயர் டி பிளாசியோ இந்தத் தேர்வையே எடுத்துவிடலாம் என்றார். ஆசியப் பெற்றோர் பலர் தெருவில் இறங்கிப் போராடினார்கள், தேர்வு அப்படியே நீடித்தது. அடுத்த ஆண்டு, 2019இல், ஸ்டைவெசன்டில் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. தேர்வை ஆதரிப்பவர்கள் பள்ளியையும் சேர்த்துத் தாங்கிப் பேசுவார்கள், எதிர்ப்பவர்கள் பள்ளியையும் சேர்த்துக் குறை சொல்வார்கள். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். அதோடு, நம் ஆட்களிடம் மட்டும் விசாரித்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு வகுப்பில் தன்னைப் போல் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு அந்தப் பள்ளி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பள்ளி முழுதாகத் தெரியும். உங்கள் பிள்ளை எந்த மனிதர்கள் நடுவில் வளரப்போகிறது என்பதும் தெரியும்.

பிள்ளைகளிடம் என்ன கேட்பது

"ஸ்கூல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "இட்ஸ் ஃபைன், ஆன்ட்டி." அவ்வளவுதான் கிடைக்கும். அது பிள்ளையின் குறையில்லை. பக்கத்தில் அதன் அம்மா நிற்கும்போது வேறு என்ன சொல்லும்?

நான் கேட்பது சின்னச் சின்ன விஷயம். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய், யாரோடு? ஒரு பாடம் புரியாவிட்டால் முதலில் யாரிடம் போவாய், கடைசியாகப் போனது எப்போது? கவுன்சிலருக்கு உன்னைப் பார்த்ததும் பேர் ஞாபகம் வருமா? நீ எடுக்க ஆசைப்பட்ட பாடம் கிடைக்காமல் போயிருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். பள்ளி கொடுக்கும் புத்தகத்தில் பாடப் பட்டியல் நீளமாக இருக்கும். அந்தப் பாடத்தில் இருக்கைகள் எத்தனை, முந்தைய வருட மார்க் எவ்வளவு இருந்தால் கொடுப்பார்கள் என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். கோயில் நவராத்திரியில் எனக்குச் சுண்டல் பொட்டலம் மடித்துத் தந்துகொண்டே ஒரு பதினோராம் வகுப்புப் பெண், எந்த வகுப்பு கிடைக்கும், எது பெயருக்குத்தான் இருக்கிறது என்று கால் மணி நேரத்தில் சொன்னதை, பள்ளியைச் சுற்றிக் காட்ட நடத்தும் ஓப்பன் ஹவுஸ் எதிலும் யாரும் சொல்லவில்லை. கை வேலையாக இருந்தால் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள், கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இந்தப் பள்ளிகளில் பிள்ளைகளே சொல்லிக்கொள்ளும் ஒரு பேச்சு உண்டு: தூக்கம், மார்க், நண்பர்கள், மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பதிமூன்றில் இருந்து பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஐந்து மணி நேரம் என்று ஒரு பிள்ளை சொன்னால், தினமுமா, பரீட்சை வாரத்தில் மட்டுமா என்று கேளுங்கள். என் மகன் வகுப்பிலேயே பத்தரைக்குப் படுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. பாடம் எத்தனை எடுத்தார்கள், எதை வேண்டாம் என்று விட்டார்கள் என்று கேட்டால் வித்தியாசம் புரியும். விடத் துணிந்த பிள்ளை வீட்டில், அநேகமாக, விடச் சம்மதித்த ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள்.

மாணவர் பத்திரிகைகளைப் படியுங்கள்

நம் ஆட்கள் அதிகம் கண்டுகொள்ளாத சுரங்கம் இது. ஸ்டைவெசன்டின் ஸ்பெக்டேட்டர் 1915 முதல் வருகிறது. பிராங்ஸ் சயின்ஸுக்கு சயின்ஸ் சர்வே, புரூக்ளின் டெக்குக்கு சர்வே. எட்டுப் பள்ளிகளில் சேராவிட்டாலும் குவீன்ஸில் பலர் விரும்பும் டவுன்செண்ட் ஹாரிஸ் பள்ளிக்கு கிளாசிக். எழுதுவது பிள்ளைகள், பெயரோடு எழுதுகிறார்கள், இலவசமாகப் படிக்கலாம்.

எவ்வளவு நேர்மையாக எழுதுவார்கள் என்று சந்தேகமா? 2012 மார்ச்சில் ஸ்பெக்டேட்டர் தன் பள்ளி மாணவர்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் ஏதோ ஒரு விதத்தில் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் அங்கே ரீஜன்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வில் கைப்பேசி வழியாக விடை பரிமாறியது பிடிபட்டு, நாட்டுக்கே செய்தியானது. பெரியவர்கள் அதிர்ந்து போவதற்கு மூன்று மாதம் முன்பே பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள். பழைய கதைதான். ஆனாலும் ஒரு பள்ளியின் பிள்ளைகள் தங்கள் குறையைத் தாங்களே அச்சில் போடுகிறார்கள் என்றால் அந்தப் பள்ளியின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. நாலைந்து மாத இதழ்களை வரிசையாகப் படித்து, எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

நகரக் கல்வித் துறை வருடந்தோறும் பெற்றோர், மாணவர், ஆசிரியர் மூவரிடமும் கருத்துக் கேட்டுப் பள்ளிவாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. அதையும் பாருங்கள், ஆனால் சதவீதத்துக்கு முன்னால் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைப் பாருங்கள். ஒரே விஷயத்தில் பெற்றோர் திருப்தியாகவும் பிள்ளைகள் திருப்தியில்லாமலும் இருந்தால் அந்த இடைவெளியைக் குறித்துக்கொண்டு ஓப்பன் ஹவுஸில் அதைப் பற்றியே கேளுங்கள். ஆசிரியர்கள் தலைமையாசிரியரை நம்புகிறார்களா என்ற பகுதியை நான் எப்போதும் படிப்பேன். அது ஆட்டம் கண்ட பள்ளியில் இரண்டு வருடத்தில் நல்ல ஆசிரியர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

ஓப்பன் ஹவுஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றிக் காட்டும் பிள்ளைகள் பேச்சுத் திறமைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போய் வாருங்கள், கட்டடத்தைப் பாருங்கள்.

ஒரு நாள் போய்ப் பாருங்கள்

கேட்டதெல்லாம் போதும் என்று தோன்றும்போது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் அதே நேரத்தில் அதே வழியில் போய்வர வேண்டும். சனிக்கிழமை போவதில் பயனில்லை, கூட்டமே வேறு.

மகளின் வரிசையில் பிராங்ஸ் சயின்ஸ் முதலில் இருந்தது. போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை இருவரும் லீவு போட்டோம். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, ஆறு இருபத்தைந்துக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் 7 ரயில். ஆரம்ப ஸ்டேஷன் என்பதால் உட்கார இடம் கிடைத்தது. கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி, படியேறி, இறங்கி, 4 ரயிலுக்கு மாறினோம். யாங்கி ஸ்டேடியம் அருகே சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தபோது மகள் சாப்பிடாமல் வைத்திருந்த இட்லி டப்பாவைத் திறந்தாள், வாசனை வரும் என்று உடனே மூடிவிட்டாள். பெட்ஃபோர்ட் பார்க்கில் இறங்கி நடந்து பள்ளி வாசலை அடைந்தபோது ஏழு ஐம்பது. ரயில் ஏறியதில் இருந்து பள்ளி வாசல் வரை 1 மணி 25 நிமிடம். குவீன்ஸில் இருந்து தனியார் பேருந்து ஏற்பாடு செய்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு, அது பெற்றோர் செலவு. ரயிலுக்கு நகரம் கொடுக்கும் மாணவர் பயண அட்டையான ஆம்னி கார்டில் நாளைக்கு நாலு பயணம் இலவசம்.

பகலில் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் நடந்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் நின்றோம். பிள்ளைகள் வெளியே வரும் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஒப்பனை செய்து காட்ட முடியாது. தனியாக வருகிறார்களா, கூட்டமாகவா? முகம் எப்படி இருக்கிறது? ஒரு கூட்டம் ஏதோ லேப் கணக்கைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. தோளில் பெரிய செல்லோ பெட்டியோடு ஒரு பையன் தனியாகப் போனான், அவன் மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். மகள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது குவீன்ஸ்போரோ பிளாசா வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இது சரிப்படாது, ராத்திரி இந்தப் பள்ளியைக் கீழே இறக்கிவிடுவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் அவள் வரிசைத் தாள் கிடந்தது. முதல் இடத்தில் அதே பெயர். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: 5:45.